உல்லாசக் கப்பல்களில் ஓசைப்படாமல் நடக்கும் செலவுக் குறைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உல்லாசக் கப்பலில் பலமுறை பயணம் செய்த இருவர் சந்தித்துக்கொண்டால், மூன்றாவது வாக்கியத்திலேயே "முன்பெல்லாம் இப்படி இல்லை" என்ற பேச்சு வந்துவிடும். தலையணைமீது இருந்த சாக்லேட்டைக் காணோம், சாப்பாட்டு மேசையின் வெள்ளை விரிப்பைக் காணோம், தட்டில் வரும் மீன் துண்டு சிறுத்துவிட்டது என்று பட்டியல் நீளும். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஏக்கம், எது நியாயமான சிக்கனம், எது பயணியின் தலையில் மிளகாய் அரைக்கும் வேலை என்று பிரித்துப் பார்ப்பதற்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெரிய நிறுவனங்களின் கப்பல்களைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது. சில நூறு பேரை மட்டும் ஏற்றும் ஆடம்பரக் கப்பல்களின் கணக்கு வேறு.

உண்மையிலேயே குறைத்திருக்கிறார்களா, அல்லது பழையதெல்லாம் இனிப்பாகத் தோன்றுகிறதா?

இரண்டும் உண்டு. முதல் பயணத்தில் வாயைப் பிளக்க வைத்த உணவுக்கூடம் ஐந்தாவது பயணத்தில் வெறும் உணவுக்கூடமாகத்தான் தெரியும்; அதற்குக் கப்பல் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேதியோடும் தொகையோடும் சொல்லக்கூடிய மாற்றங்கள் நிறையவே உள்ளன. அறைக்கே உணவு கொண்டுவந்து தருவதற்கு நார்வீஜியன் நிறுவனம் 2015-இல் ஒவ்வொரு முறைக்கும் 7.95 டாலர் கட்டணம் விதித்தது. ராயல் கரீபியன் 2017-இல் அதே தொகையைத் தானும் வசூலிக்கத் தொடங்கியது. பிரதான உணவுக்கூடத்தில் மூன்றாவது முதன்மை உணவைக் கேட்பவர்களிடம் 5 டாலர் வாங்கும் முறையைக் கார்னிவல் 2022-இன் இறுதியில் கொண்டுவந்தது. நாளுக்கு இரண்டு முறை கேபினைச் சுத்தம் செய்துவந்த நார்வீஜியன், 2023 ஜனவரி முதல் சாதாரணக் கேபின்களில் அதை ஒரு முறையாகக் குறைத்தது.

இவை நிறுவனங்களே அறிவித்தவை என்பதால் இவற்றில் வாதத்துக்கு இடமில்லை. அறிவிக்கப்படாதவையே பயணிகளைக் குழப்புகின்றன. இறைச்சியின் எந்தப் பகுதி தட்டுக்கு வருகிறது, பழச்சாறு பிழிந்ததா கலக்கியதா, துவாலையின் கனம் எவ்வளவு என்பதையெல்லாம் எந்த நிறுவனமும் அறிவிப்பதில்லை. பழைய உணவுப் பட்டியலையும் கப்பலின் பழைய தள வரைபடத்தையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களின் சொல்லுக்கு வெறும் நினைவைவிட மதிப்பு அதிகம்.

ஒரு சாக்லேட்டை நிறுத்துவதால் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு என்ன மிச்சமாகிவிடப் போகிறது?

இந்த விஷயத்தின் ஆணிவேரே இந்தக் கணக்குதான் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. பல கப்பல் நிறுவனங்களை உள்ளடக்கிய கார்னிவல் குழுமம் 2023 நிதியாண்டில் உணவுக்காக மட்டும் 130 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அந்த ஆண்டில் அதன் எல்லாக் கப்பல்களிலும் பயணிகள் கழித்த நாட்களைக் கூட்டினால் 9 கோடியைத் தாண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பயணிக்கு ஒரு நாள் உணவுச் செலவு ஏறத்தாழ 15 டாலர். காலை முதல் நள்ளிரவுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விற்கப்படும் பயணத்தின் மொத்த உணவுச் செலவு இவ்வளவுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மொத்தக் கொள்முதலும் துல்லியமான திட்டமிடலும் அதைச் சாத்தியமாக்குகின்றன.

இப்போது அந்த 15 டாலரில் வெறும் 25 சென்ட்டை மட்டும் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். பயணிக்கு அது ஒரு சாக்லேட், அல்லது ஒரு ரொட்டி வகை, அல்லது காய்கறி அலங்காரத்தில் ஒரு துண்டு. நிறுவனத்துக்கு அது ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேற்பட்ட மிச்சம். ஒரே இடத்தில் கை வைத்தால் கூச்சல் எழும் என்பதால், தலைக்கு 10 சென்ட், 20 சென்ட் என்று பத்துப் பதினைந்து இடங்களில் கை வைப்பதே நிதிப் பிரிவினருக்கு வசதியாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் புகார் செய்யும் அளவுக்குப் பெரிதாக இருக்காது. அப்படி இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

கேபினில் எவையெல்லாம் குறைந்திருக்கின்றன?

முன்பு மாலை உணவுக்குப் போய்த் திரும்பும் பயணியை வேறோர் அறை வரவேற்கும். திரைச்சீலை இழுத்து மூடப்பட்டிருக்கும். படுக்கை விரிப்பின் ஒரு முனை மடித்து வைக்கப்பட்டிருக்கும். தலையணைமீது சாக்லேட்டும் மறுநாள் நிகழ்ச்சித் தாளும், பக்கத்தில் துவாலையில் மடித்த யானையோ குரங்கோ இருக்கும். பனிக்கட்டிப் பாத்திரம் நிரம்பியிருக்கும். குளியலறையில் ஈரத் துவாலைகள் மாற்றப்பட்டிருக்கும். இவ்வளவும் ஓர் அறைக்கு ஐந்து பத்து நிமிட வேலைதான் என்றாலும், ஆயிரக்கணக்கான அறைகள் உள்ள கப்பலில் அந்த நிமிடங்களைக் கூட்டினால் பல பணியாளர்களின் முழு நாள் உழைப்பு வந்துவிடும்.

பல பெரிய நிறுவனங்களில் இந்த மாலைப் பணி இப்போது சாதாரணக் கேபின்களுக்கு இல்லை. காலையா மாலையா என்று பயணி ஒரு வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயர்வகுப்பு அறைகளுக்கு மட்டும் இரண்டு வேளையும் தொடர்கிறது. பனிக்கட்டி கேட்டால் கிடைக்கும், குளியலங்கி கேட்டாலும் கிடைக்கலாம். தானாக வந்ததைக் கேட்டு வாங்க வேண்டியதாக மாற்றினாலே போதும், கேட்பவர்களின் எண்ணிக்கை தானாகச் சரிந்துவிடும். செலவுக் குறைப்பின் மிக நேர்த்தியான வடிவம் இதுதான் என்பது என் கருத்து. எதையும் மறுத்ததாக யாரும் குற்றம் சாட்ட முடியாது.

சிறு குப்பிகளில் வந்த ஷாம்பூவும் திரவ சோப்பும் சுவரில் பொருத்திய பெட்டிக்குப் போய்விட்டன. இதில் பிளாஸ்டிக் குறைகிறது என்பது உண்மை, ஆகவே இதற்காக வருந்துவதில் பெரிய நியாயமில்லை. ஆனால் துவாலையின் ஓரம் நைந்து நூல் பிரிந்த நிலையிலும் புழக்கத்தில் இருந்தால், மெத்தையின் நடுப்பகுதி குழிந்திருந்தால், அதைச் சுற்றுச்சூழல் கணக்கில் எழுத முடியாது.

சாப்பாட்டில் என்ன மாற்றம்?

பழைய பயணிகள் அதிகம் மனம் நோவது இங்கேதான், காரணமும் இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பிரதான உணவுக்கூடம், பஃபே, தனிக்கட்டண உணவகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

பிரதான உணவுக்கூடத்தில் ஒரு காலத்தில் பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே பரிசாரகர், அவருக்கு ஓர் உதவியாளர் என்ற ஏற்பாடு இருந்தது. மூன்றாம் நாளே அவருக்கு உங்கள் காபியின் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் சாப்பிடலாம் என்ற முறையை நார்வீஜியன் 2000-இல் அறிமுகப்படுத்திய பிறகு மற்ற நிறுவனங்களும் அதன் சாயலைப் பின்பற்றின. பயணிக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதே வேளையில் ஒரு பரிசாரகர் கவனிக்கும் மேசைகளின் எண்ணிக்கையை வேண்டியபடி கூட்டிக் குறைக்கும் வசதி நிறுவனத்துக்குக் கிடைத்தது. பின்னாளில் பல கப்பல்களில் மேசை விரிப்பும் போயிற்று. விரிப்பு என்பது துணி மட்டுமல்ல; ஒவ்வொரு வேளையும் அதைத் துவைக்கவும் தேய்க்கவும் தண்ணீரும் எரிபொருளும் ஆட்களும் வேண்டும். அது போனபோது, உணவுக்கு நடுவே மேசையில் சிந்திய ரொட்டித் துகள்களைச் சிறு தகட்டால் வழித்தெடுக்கும் வழக்கமும் கூடவே போய்விட்டது.

ராயல் கரீபியன் 2023-ஐ ஒட்டித் தன் உணவுக்கூடப் பட்டியலை மாற்றியமைத்தது. ஒவ்வோர் இரவும் மாறாமல் கிடைத்துவந்த உணவுகளைக் குறைத்து, இரவுக்கு ஒரு கருப்பொருள் என்று வைத்தார்கள். பரிமாறும் நேரம் குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அது பொய்யல்ல, இரண்டு மணி நேரம் காத்திருந்து சாப்பிடுவதை எல்லோரும் விரும்புவதில்லை. ஆனால் பட்டியல் சுருங்கினால் சமையலறையில் தயாரிக்க வேண்டிய வகைகளும், வீணாகும் அளவும், வேண்டிய ஆட்களும் சேர்ந்தே சுருங்கும்.

பஃபேயில் கண்ணுக்குத் தெரியாத வேலைகள் அதிகம். பல தட்டுகளை ஏந்தும் தட்டம் (ட்ரே) எடுக்கப்பட்டு வெறும் தட்டு மட்டும் தரப்பட்டால் மக்கள் ஒரே நடையில் குறைவாக எடுக்கிறார்கள். தட்டின் அளவு சிறுத்தால் இன்னும் குறையும். விலை உயர்ந்த இறைச்சியை ஒரு பணியாளர் வெட்டித் தருவார். விலை மலிந்த சோற்றையும் பாஸ்தாவையும் நீங்களே அள்ளிக்கொள்ளலாம். நள்ளிரவில் பனிச் சிற்பங்களோடு நடந்த பெரும் பஃபே விருந்து பெரும்பாலான கப்பல்களில் வழக்கொழிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அதில் பாதி உணவு புகைப்படத்துக்காகவே சமைக்கப்பட்டது. அதன் மறைவுக்குக் கண்ணீர் விடத் தேவையில்லை.

தனிக்கட்டண உணவகங்கள்தான் இந்தக் கதையின் மையம். பிரதான உணவுக்கூடத்துக்கு வெளியே, தனிக் கட்டணத்தில் ஓர் உணவகம் என்ற எண்ணம் 1980-களின் இறுதியிலேயே தொடங்கியது. அப்போது அது ஒரு கூடுதல் சுகம். இன்று புதிய கப்பல்களில் அத்தகைய உணவகங்கள் பல இருக்கின்றன. கட்டணத்துக்குள் அடங்கிய உணவு மிகச் சிறப்பாக இருந்தால் அவற்றுக்கு யார் போவார்கள்? அடங்கிய உணவு வேண்டுமென்றே மட்டமாக்கப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. அதைச் சிறப்பாக்க வேண்டிய வணிகத் தேவை நிறுவனத்துக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லலாம். முன்பு பொது உணவுக்கூடத்தில் ஓர் இரவாவது சாதாரணமாக வந்த நல்ல மாட்டிறைச்சித் துண்டும் சிங்கி இறாலும் பல கப்பல்களில் கூடுதல் கட்டண வரிசைக்கு நகர்ந்திருப்பதை அந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நிறுவனங்கள் டிக்கெட்டில் சம்பாதிக்கின்றனவா, கப்பலுக்குள் சம்பாதிக்கின்றனவா?

கார்னிவல் குழுமத்தின் 2023 வருவாய் ஏறத்தாழ 2,160 கோடி டாலர். அதில் 750 கோடிக்கு மேல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், டிக்கெட் அல்லாத வருவாய். மதுபானம், சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா, இணையம், அழகு நிலையம், கடைகள் எல்லாம் இதில் சேரும். ராயல் கரீபியனிலும் அதே ஆண்டில் இந்தப் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் இருந்தது. டிக்கெட் விலையைக் கவர்ச்சியாக வைத்துக்கொண்டு, கப்பலில் ஏறிய பிறகு பணப்பையைத் திறக்க வைப்பதே இன்றைய முறை. ஆகவே முன்பு கட்டணத்துக்குள் இருந்த ஒன்று மறைந்தால், அது முற்றிலும் மறைந்ததா அல்லது விலைச்சீட்டோடு வேறு தளத்தில் மீண்டும் தோன்றியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் தோன்றியிருக்கும்.

டிப்ஸ் ஏன் ஆண்டுதோறும் ஏறுகிறது?

முன்பு பயணத்தின் கடைசி இரவில் பரிசாரகருக்கும் கேபின் பணியாளருக்கும் உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். இப்போது தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏற்றப்படுகிறது. கார்னிவல் அதை 2023 ஏப்ரலில் சாதாரணக் கேபின்களுக்கு 16 டாலராகவும், ராயல் கரீபியன் 2023 நவம்பரில் 18 டாலராகவும் உயர்த்தின. இருவர் ஏழு இரவுகள் போனால் 18 டாலர் வீதம் 252 டாலர் ஆகிறது. ஊழியரின் ஊதியத்தில் ஒரு பகுதியை விளம்பர விலைக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாடு இது. சேவை ஒரு வேளையாகக் குறைந்த காலத்திலேயே சேவைக் கட்டணம் ஏறியது பயணிகளுக்கு உறுத்துவதில் வியப்பில்லை. அதற்காகத் தொகையை நீக்கச் சொல்லி வரவேற்பு மேசைக்குப் போவது தவறான இடத்தில் காட்டும் கோபம். முதலில் அடி வாங்குவது துவாலையை மாற்றியவர்தான்.

இவையெல்லாம் பெருந்தொற்றின் விளைவா?

பெருந்தொற்று இதைத் தொடங்கவில்லை, வேகப்படுத்தியது. மேலே சொன்ன 2015, 2017 கட்டணங்களே அதற்குச் சாட்சி. 2020 மார்ச்சில் உலகெங்கும் கப்பல்கள் நின்றன. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மீண்டும் பயணிகளோடு கிளம்ப 2021-இன் நடுப்பகுதி ஆயிற்று. வருவாயே இல்லாமல் கப்பல்களைப் பராமரிக்க வாங்கிய கடனால் கார்னிவல் குழுமத்தின் கடன் மட்டும் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. வட்டி ஏறிய காலத்தில் அந்தக் கடனைச் சுமந்தவர்களுக்கு, தலையணைச் சாக்லேட் உட்பட எல்லாமே வெட்டத்தக்க செலவாகத் தெரிந்தது. பயணிகள் கூட்டமாகத் திரும்பி, கப்பல்கள் நிறைந்த பிறகும் வெட்டியவை பெரும்பாலும் திரும்பவில்லை. 2024-இல்கூட நார்வீஜியன் தன் முதலீட்டாளர்களுக்கு, 2026-க்குள் 30 கோடி டாலருக்கு மேல் செலவைக் குறைப்போம் என்று இலக்கு வைத்துச் சொன்னது. முதலீட்டாளர்களுக்கான அறிக்கைகளைப் படிப்பது சலிப்பான வேலைதான்; ஆனால் விளம்பரச் சிற்றேட்டில் கிடைக்காத வெளிப்படைத்தன்மை அங்கேதான் கிடைக்கும்.

கப்பல்கள் முன்பைவிட மெதுவாக ஓடுகின்றனவா?

பல வழித்தடங்களில் ஆம். கப்பலைத் தள்ளத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் கன அளவில் ஏறுகிறது (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு). வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே தூரத்தைக் கடக்க உந்துதலுக்குச் செலவாகும் எரிபொருள் சுமார் 19 சதவீதம் குறையும். விளக்கு, குளிர்சாதனம், சமையலறை ஆகியவற்றுக்கான மின்சாரம் வேகத்தைப் பார்த்துக் குறைவதில்லை என்பதால் மொத்த மிச்சம் அதைவிடக் குறைவு. ஆனாலும் அது பெரிய மிச்சம்தான்.

எரிபொருளின் தரம், உமிழ்வு ஆகியவை பற்றிய விதிகளும் செலவை ஏற்றி இதற்குக் காரணமாகின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் விதிப்படி, எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் 5,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை, உமிழும் கரிமத்துக்கு விலை கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. முதலாண்டு உமிழ்வில் 40 சதவீதத்துக்கும், 2025-க்கு 70 சதவீதத்துக்கும், 2026 முதல் முழுமைக்கும் உரிமச் சீட்டு ஒப்படைக்க வேண்டும்.

பயணி இதை எப்படி உணர்கிறார்? மாலை ஆறு மணிக்குக் கிளம்பிய கப்பல் நான்கு மணிக்கே கிளம்புகிறது. எட்டு மணிக்கு அடைந்த துறைமுகத்தைப் பத்து மணிக்கு அடைகிறது. பட்டியலில் துறைமுகத்தின் பெயர் அப்படியே இருக்கும். கரையில் நிற்கும் நேரம் மட்டும் தேய்ந்திருக்கும்.

நிறுவனங்கள் சொந்தத் தீவுகளை வளர்ப்பதும் செலவுக் குறைப்புத்தானா?

குறைப்பும் வருவாயும் கைகோத்த இடம் அது. நார்வீஜியன் 1977-லேயே பஹாமாஸில் ஒரு சிறு தீவை வாங்கியது. ராயல் கரீபியன் தன் கோகோகே தீவில் 25 கோடி டாலர் செலவிட்டு 2019-இல் புதுப்பித்துத் திறந்தது. கார்னிவல் 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமா தீவில் செலிப்ரேஷன் கீ என்ற இடத்தைத் திறந்தது. புளோரிடாவிலிருந்து கிட்டத்தில் இருப்பதால் எரிபொருள் மிச்சம். கரையில் பயணி செலவிடும் பணமும் உள்ளூர்க் கடைக்காரருக்குப் போகாமல் நிறுவனத்துக்கே வருகிறது. கடற்கரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு இரவுப் பயணத்தில் இருந்த மூன்று நகரங்களில் ஒன்று போய் அந்த இடத்தில் தீவு வந்திருந்தால், அது பரிசல்ல, பதிலி.

கப்பல்கள் இவ்வளவு பெரிதாகியும் ஏன் நெரிசலாகத் தோன்றுகிறது?

1988-இல் வந்த சாவரின் ஆஃப் தி சீஸ் ஏறத்தாழ 73,000 டன் கொள்ளளவு கொண்டது (இந்த டன் எடையல்ல, உள்ளிடத்தின் அளவு). அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 2,300 பேர். 2024-இல் வந்த ஐகான் ஆஃப் தி சீஸ் 2,48,663 டன். அதே கணக்கில் 5,610 பேர். கொள்ளளவை ஆட்களால் வகுத்தால் முன்னதற்கு 32-ஐ ஒட்டியும் பின்னதற்கு 44-ஐ ஒட்டியும் வரும். அதாவது காகிதத்தில் இடம் கூடியிருக்கிறது.

நெரிசலின் காரணம் வேறு. விடுமுறைக் காலத்தில் அறைக்கு மூன்று நான்கு பேர் ஏறும்போது ஐகான் 7,600 பேர்வரை ஏற்றும். அப்போது அந்த விகிதம் மீண்டும் 33-க்கு அருகில் இறங்கிவிடுகிறது. கூடிய இடத்தில் ஒரு பகுதி தனிக்கட்டண உணவகங்களுக்கும், உயர்வகுப்பினருக்கு மட்டுமான தளங்களுக்கும் போயிருக்கிறது. கப்பலைச் சுற்றி முழு வட்டமாக நடக்க உதவிய அகன்ற மரத்தளம் பல புதிய கப்பல்களில் இல்லை, அல்லது உயிர்காப்புப் படகுகளின் கீழே ஒடுங்கிய பாதையாக இருக்கிறது. பழைய கப்பல்களோ, நீருக்கு வெளியே நிறுத்திப் பழுதுபார்க்கும் உலர்துறைக்குப் போய் வரும்போதெல்லாம் சில கேபின்களைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. நூலகம் இருந்த இடத்தில் கேபின் கதவு முளைத்திருக்கும். மின்தூக்கிகளின் எண்ணிக்கை மட்டும் கூடுவதில்லை.

இசை, நிகழ்ச்சிகள், அச்சிட்ட தாள்கள்?

நேரடி இசைக்குழுவின் இடத்தைப் பதிவு செய்த இசை பல கப்பல்களில் பிடித்துவிட்டது. நாள் நிகழ்ச்சித் தாள் செயலிக்குள் போய்விட்டது. வரவேற்பு மேசையில் கேட்டால் சில கப்பல்களில் அச்சுப்படி தருவார்கள். காகிதம் மிச்சமாவது நல்லதே. ஆனால் முன்பதிவு, கேள்வி, புகார் எல்லாவற்றையும் பயணியே தன் கைபேசியில் தட்டிக்கொள்ள வேண்டும் என்றால், வரவேற்பு மேசையின் வேலையில் ஒரு பங்கை ஊதியமில்லாமல் அவர் செய்கிறார் என்று பொருள்.

சுற்றுச்சூழலுக்காக என்று சொல்லப்படும் காரணத்தை நம்பலாமா?

மாற்றத்தின் பலன் பயணிக்கும் வருகிறதா என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். உணவு வீணாவதை 2030-க்குள் தலைக்கு 50 சதவீதம் குறைப்பது என்று கார்னிவல் குழுமம் இலக்கு வைத்திருக்கிறது. வீணாகும் உணவைக் குறைப்பதை யாரும் எதிர்க்க முடியாது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதி தட்டில் இருக்கும் உணவின் தரத்துக்குத் திரும்பி வந்தால் அது நேர்மையான சிக்கனம். துவாலையைத் தினமும் மாற்றாமல் கடலைக் காப்போம் என்று குளியலறையில் அட்டை ஒட்டிவிட்டு, தண்ணீர் ஏற்கெனவே கப்பலிலேயே சுத்திகரித்துக் கிடைக்கும் நிலையில் புட்டியில் அடைத்து விலைக்கு விற்றால், அந்த அட்டையை எவ்வளவு மதிப்பது என்று பயணியே முடிவு செய்துகொள்ளலாம்.

பாதுகாப்பிலும் சுகாதாரத்திலும் கை வைக்கிறார்களா?

இங்கே விதிகள் குறுக்கே நிற்கின்றன. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, புதிதாக ஏறிய பயணிகளுக்கான ஆபத்துக்காலப் பயிற்சியைக் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டு 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்லோரையும் ஒரே நேரத்தில் வெயிலில் நிறுத்தாமல், காணொளியைக் கைபேசியில் பார்த்துவிட்டுத் தம் கூடும் இடத்துக்குப் போய்ப் பதிவு செய்யும் முறை பெருந்தொற்றுக் காலத்தில் வந்தது. இது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. காணொளியை ஓடவிட்டுப் பெட்டியைப் பிரிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை. சுகாதாரத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் திட்டம் 1970-களிலிருந்து சோதித்து 100-க்கு மதிப்பெண் இட்டுவருகிறது. 85 அல்லது அதற்குக் கீழ் என்றால் தேறவில்லை என்று பொருள். அந்த மதிப்பெண்கள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன.

ஊழியர்களின் நிலை?

சாக்லேட்டைவிட நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்காகத்தான். 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி ஒரு மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அல்லது 24 மணி நேரத்தில் 14, வாரத்தில் 72 மணி நேர வேலை என்ற உச்சவரம்பை வைத்துக்கொள்ளலாம். சட்டம் அனுமதிக்கும் அந்த அளவே மிகக் கடுமையானது. வார விடுமுறை இல்லாமல் மாதக்கணக்கில் இப்படி உழைப்பவரிடம் இன்னும் சில கேபின்களைச் சேர்த்துக் கொடுத்தால், அது எந்த அறிவிப்பிலும் வராது. வராந்தாவில் பிற்பகல் மூன்று மணிக்கும் சுத்தம் செய்யும் வண்டி நின்றுகொண்டிருந்தால், பரிசாரகர் ஓட்டமும் நடையுமாக இருந்தால், பெயர் சொல்லி அழைத்தவர் இப்போது அறை எண்ணை மட்டும் கேட்டால், செலவு எங்கே குறைக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

எதுவுமே மேம்படவில்லையா?

அப்படிச் சொல்வது அநியாயம். சன்னல் மட்டுமே உள்ள, அல்லது அதுகூட இல்லாத கேபின்களே பெரும்பான்மையாக இருந்த காலம் போய்ப் பால்கனி சாதாரணமாகிவிட்டது. உடலில் ஒட்டும் குளியல் திரைக்குப் பதில் கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது. செயற்கைக்கோள் இணையம் கடந்த சில ஆண்டுகளில் பேச்சுக்கும் காணொளிக்கும் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் விலை: 1990-இல் ஒருவர் கொடுத்த 1,000 டாலர், அமெரிக்க விலைவாசிக் கணக்கில் 2024-இன் 2,400 டாலருக்குச் சமம். அன்று தலைக்கு 1,000 டாலர் கொடுத்தவர் இன்றும் 1,000 டாலருக்குள் ஒரு வாரம் போக விரும்பினால், அன்றைய பரிசாரகரையும் அன்றைய வெள்ளை விரிப்பையும் எதிர்பார்ப்பது கட்டுப்படியாகாது. டிப்ஸ், இணையம், பானம், இரண்டு இரவுத் தனிக்கட்டண உணவு எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தைப் பழைய விலையோடு ஒப்பிடுங்கள். சிலருக்கு இன்னும் மலிவாகவே வரும். சிலருக்கு மலிவு என்ற எண்ணம் கலைந்துவிடும்.

பயணத்தின் நடுவே துறைமுகம் ஒன்றை நீக்கிவிட்டால் ஏதேனும் கேட்க முடியுமா?

டிக்கெட் ஒப்பந்தத்தில் வழித்தடத்தை மாற்றும் உரிமையை நிறுவனங்கள் தமக்கே எழுதிக்கொண்டிருக்கும். பொதுவாக அந்தத் துறைமுகத்துக்கான கட்டணமும் வரியும் மட்டும் திரும்ப வரும். ஐரோப்பாவில் விற்கப்படும் பயணங்களுக்குத் தொகுப்புச் சுற்றுலாச் சட்டம் பொருந்தும் என்பதால், கிளம்பும் முன்பே முக்கியமான மாற்றம் செய்யப்பட்டால் அபராதமின்றி விலகும் உரிமை உண்டு.

பதிவு செய்யும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கப்பலின் வயதைவிட அது கடைசியாக உலர்துறைக்குப் போன ஆண்டையும், அப்போது என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். தரைவிரிப்பு மாற்றினார்களா, கேபின்களைக் கூட்டினார்களா என்பது இரண்டு வேறு செய்திகள். தள வரைபடத்தில் தனிக்கட்டண இடங்களுக்கு வண்ணம் தீட்டிவிட்டு மிச்சம் எவ்வளவு என்று கவனியுங்கள். துறைமுகங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கரையில் நிற்கும் மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஐந்து துறைமுகங்களில் 30 மணி நேரம் என்பதைவிட நான்கில் 38 மணி நேரம் மேல். பயணிகளுக்கும் ஊழியர்களுக்கும் உள்ள விகிதத்தை ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களுக்கிடையே ஒப்பிடுங்கள். கேபின் சேவை எத்தனை வேளை, உணவுக்கூடத்தில் எவற்றுக்குத் தனிக் கட்டணம், அறைக்கு உணவு கொண்டுவர எவ்வளவு என்ற மூன்றையும் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "எல்லாம் அடக்கம்தான்" என்றே பதில் வரும்.